டிக்கெட் இல்லாத திண்டுக்கல்: பூட்டுப் பட்டறையிலிருந்து சுங்குடி முற்றம் வரை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களைச் சுருக்கி, படிக்க வசதியாகத் திருத்தியிருக்கிறோம்.)



வெளிநாட்டு நகரங்களில் காசு செலவழிக்காமல் டிசைன் காலரி, டிசைன் கடை என்று சுற்றிப் பார்ப்பதைப் பற்றி முன்பு ஒரு எபிசோடில் கொஞ்சம் பேசியிருந்தேன். அதுக்கு ஒருத்தர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "அக்கா, நீங்க சொல்ற ஊருக்கு எல்லாம் விசா வேணும், ஃப்ளைட் டிக்கெட் வேணும். நான் இருக்கிறது திண்டுக்கல். இங்க பஸ் ஸ்டாண்டைச் சுத்தி என்ன டிசைன் இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்." கொஞ்சம் கிண்டலாத்தான் கேட்டார். ஆனா நல்ல கேள்வி. அதனால இன்னைக்கு எபிசோடு முழுக்கத் திண்டுக்கல்தான். ஊருக்குள்ளேயும், சிறுமலை அடிவாரத்தைச் சுற்றிய சமவெளியிலும், நுழைவுச் சீட்டு எதுவும் வாங்காமல் என்னென்ன பார்க்கலாம், எப்படிப் பார்க்கலாம் என்று சொல்லப் போறேன்.

முதலில், டிசைன் என்று எதைச் சொல்கிறேன்?

டிசைன் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு ஞாபகம் வருவது சேலை பார்டர், கோலம், கல்யாணப் பத்திரிகை. "டிசைன் நல்லா இருக்கு" என்றால் மேலே போட்டிருக்கும் பூவேலை நல்லா இருக்கு என்று அர்த்தம். நான் இன்றைக்கு அந்த அர்த்தத்தில் மட்டும் பேசவில்லை. ஒரு பொருள் ஏன் அந்த உருவத்தில் இருக்கிறது, ஏன் அந்த எடையில் இருக்கிறது, யார் கைக்காக அப்படிச் செய்தார்கள் என்பதும் டிசைன்தான்.

இதை நம் நாட்டுக்கு எடுத்துச் சொன்னவர்கள் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதி. நாற்காலி வடிவமைப்பில் உலகப் புகழ் பெற்றவர்கள். இந்திய அரசு அவர்களை அழைத்து, நாட்டில் வடிவமைப்புக் கல்வியை எப்படித் தொடங்கலாம் என்று கேட்டது. ஊர் ஊராகச் சுற்றிவிட்டு 1958-ல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அந்த அறிக்கையில் அவர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய பொருள் எது தெரியுமா? நம் வீட்டுச் செம்பு. எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், இடுப்பில் வைத்தால் எப்படி உட்கார வேண்டும், ஊற்றும்போது எப்படிச் சாய வேண்டும், காலியாக இருந்தால் என்ன எடை, விலை என்ன, தட்டினால் சத்தம் எப்படி என்று வரிசையாகக் கேள்வி கேட்டார்கள். இதையெல்லாம் ஒரே ஆள் உட்கார்ந்து யோசித்திருக்க முடியாது, பல தலைமுறைக் கைகள் சேர்ந்து செதுக்கியது என்றார்கள். அந்த அறிக்கையின் விளைவாக 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது.

ஆக, முதல் இலவசக் காலரி எதுன்னா, உங்க தெருமுனைப் பாத்திரக் கடை. இனிமேல் அந்த வழியாப் போகும்போது வாசலில் தொங்குகிற செம்பையும் சருவத்தையும் இந்தக் கேள்விகளோடு பாருங்க. திண்டுக்கல்லுக்கு வருவோம்.

மலையைக் கீழே இருந்து பாருங்க

ஊர்ப் பெயரே ஒரு வடிவத்தின் பெயர்தான் என்று சொல்வார்கள். திண்டு மாதிரி இருக்கிற கல், திண்டுக்கல். மணிக்கூண்டுப் பக்கம் நின்று நிமிர்ந்தால், சாய்ந்து உட்காரும் திண்டைப் போட்ட மாதிரி மொட்டைப் பாறை. அதன் மேல் கோட்டை. மதுரை நாயக்கர் காலத்தில், 1605-ல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கியது. பிறகு ஹைதர் அலி, திப்பு சுல்தான், ஆங்கிலேயர் என்று கை மாறியது. இப்போது தொல்லியல் துறையிடம் இருக்கிறது. மேலே ஏறச் சீட்டு வாங்கணும், அதனால இன்னைக்குப் பட்டியலில் கிடையாது. ஆனா அடிவாரத்தில் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் இருந்து மதிலைப் பார்க்க யாரும் காசு கேட்க மாட்டாங்க.

அங்கே ஒன்றை மட்டும் கவனியுங்க. மதில் பாறையோடு சண்டை போடாது. பாறை எங்கே வளைகிறதோ அங்கே சுவரும் வளையும். செங்குத்தாக இருக்கிற பக்கத்தில் பாறையே சுவர். ஏற முடிகிற இடத்தில்தான் மனிதன் கட்டிய சுவருக்கு அதிக வேலை. இதைப் பார்க்கப் பத்து நிமிஷம் போதும். நம்ம நேரம் முழுக்கக் கீழே ஊருக்குள்ளதான் செலவாகப் போகுது.

பூட்டு: உள்ளே என்ன நடக்கிறது?

திண்டுக்கல் என்றாலே பூட்டு. பிரியாணியும் உண்டு, மறுக்கல. ஆனா பிரியாணியைச் சும்மா பார்க்கிறது கஷ்டம்.

இங்கே பூட்டுத் தொழிலுக்கு நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் வயது சொல்கிறார்கள். சங்கரலிங்க ஆசாரி சகோதரர்கள் தொடங்கி வைத்ததாக ஊரில் வழங்கும் பேச்சு. மழை குறைந்த பூமி, விவசாயத்தை மட்டும் நம்ப முடியாத குடும்பங்கள், இரும்பு வேலை தெரிந்த கைகள். தொழில் பரவ இது போதும். நாகல் நகர், நல்லாம்பட்டி, அதைச் சுற்றிய கிராமங்கள் என்று வீட்டுக்கு வீடு பட்டறை வந்தது. 1957-ல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டில் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது என்பது நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

சரி, கடைக்குள் போகிறோம். கண்ணாடிப் பெட்டியில் வரிசையாகப் பூட்டு. மாங்காய்ப் பூட்டு, அதாவது மாங்காய் வடிவத்தில் இருக்கும், நாதாங்கியில் மாட்டுகிற பூட்டு. பெட்டிப் பூட்டு, அலமாரிப் பூட்டு, மேசை டிராயர் பூட்டு, ஷட்டர் பூட்டு, கோயில் கதவுக்கான பெரிய பூட்டு. சாவியைத் திருப்பும்போது மணி அடிக்கிற மணிப் பூட்டும் உண்டு. ராத்திரி யாராவது திறந்தால் வீட்டுக்காரருக்குக் கேட்கணும், அதுக்குத்தான். மின்சாரம் இல்லாத அலாரம்!

ஆனா வெளியே தெரிகிறது பாதிதான். உள்ளே இருக்கிற வேலை புரிந்தால்தான் கடையில் பார்ப்பதற்கே ஒரு ருசி வரும். அதனால லீவர் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பொறுமையாகச் சொல்றேன்.

பூட்டுக்குள் ஒரு தாழ் இருக்கும். பூட்டினால் நீளும், திறந்தால் உள்ளே போகும். அந்தத் தாழின் மேல் சின்னதாக ஒரு முளை நிற்கும். தாழை ஒட்டித் தகடு தகடாக லீவர்கள் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு லீவரையும் ஒரு குட்டி ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும். லீவரில் ஒரு வாய் வெட்டியிருப்பார்கள். முளை அந்த வாய் வழியாக நுழைந்தால்தான் தாழ் நகரும்.

இப்போ சாவியைப் போட்டுத் திருப்புறீங்க. சாவியின் பல்லில் உயரம் உயரமாகப் படிகள் இருக்கும். ஒவ்வொரு படியும் அதற்குரிய லீவரைத் தூக்கும். எல்லா லீவரின் வாயும் ஒரே நேர்கோட்டில் வந்து நின்றால் முளைக்கு வழி கிடைக்கும், தாழ் நகரும், பூட்டு திறக்கும். ஒரே ஒரு லீவர் மயிரிழை கீழே இருந்தாலும் முளை முட்டி நிற்கும். கூடுதலாகத் தூக்கிவிட்டாலும் முட்டி நிற்கும். இந்த 'கூடவும் கூடாது, குறையவும் கூடாது' என்ற ஏற்பாட்டுக்கு இங்கிலாந்தில் ராபர்ட் பேரன் என்பவர் 1778-ல் காப்புரிமை வாங்கினார். லீவர் பூட்டு வரலாற்றில் அது பெரிய திருப்பம்.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு லீவருக்கு நான்கு உயரம் வைக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு லீவர் இருந்தால், நாலை ஆறு முறை பெருக்கணும். 4,096 வெவ்வேறு சாவி வரும். எட்டு லீவர் என்றால் 65,536. இரண்டே இரண்டு தகடு கூடியதற்குப் பதினாறு மடங்கு. கடையில் "ஆறு லீவர், எட்டு லீவர்" என்று சொல்வது இதைத்தான். விலை ஏன் ஏறுகிறது என்பதும் இப்போது புரியும்.

கைவேலையில் இன்னொன்று சேர்கிறது. பட்டறையில் சாவியை வைத்துக்கொண்டே லீவரை அரத்தால் ராவிப் பொருத்துவார்கள். ராவுவது, போட்டுப் பார்ப்பது, எடுத்து மறுபடி ராவுவது. ஒரே மாதிரித் தெரிகிற இரண்டு பூட்டுகளில் ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேராது. அச்சில் அடித்து ஆயிரக்கணக்கில் கொட்டுகிற ஆலையில் இந்தத் தனித்தன்மையைக் காப்பாற்றத் தனித் திட்டம் போட வேண்டும். இங்கே அது வேலைசெய்யும் முறையிலேயே வந்துவிடுகிறது.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சவால்

கடை ஜன்னலையே காலரி ஆக்கிய ஒரு கதை இருக்கு, சொல்லியே ஆகணும். லண்டனில் ஜோசப் பிராமா என்று ஒரு பூட்டு வல்லுநர். பிக்கடிலி தெருவில் கடை. 1790-ல் தன் பூட்டு ஒன்றை ஜன்னலில் வைத்து, இதை உரிய சாவி இல்லாமல் திறக்கிறவருக்கு 200 கினி பரிசு என்று பலகையில் எழுதி வைத்தார். அந்தப் பலகையில் திறக்கப் போகிற ஆளைத் 'திருடன்' என்று எழுதவில்லை, 'கலைஞர்' என்று எழுதினார்கள். தெருவில் போகிறவன் எல்லாம் நின்று பார்ப்பான். அறுபது வருஷம் யாராலும் முடியவில்லை. 1851-ல் லண்டனில் மாபெரும் கண்காட்சி நடந்தபோது, அமெரிக்காவிலிருந்து வந்த ஆல்ஃபிரட் ஹாப்ஸ் திறந்து காட்டினார். பதினாறு நாளில் பிரித்துப் பிரித்து மொத்தம் 51 மணி நேரம் ஆயிற்று. அந்தப் பூட்டு இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கேயும் நுழைவு இலவசம்தான்.

அதே நாட்டில் 1818-ல் ஜெரமையா சப் என்பவர் இன்னொரு பூட்டு செய்தார. தப்பான சாவியோ கம்பியோ போட்டு ஒரு லீவரை அளவுக்கு மேல் தூக்கினால் பூட்டு அப்படியே இறுகிக்கொள்ளும். வீட்டுக்காரர் வந்து பார்த்தால் 'யாரோ கை வச்சிருக்காங்க' என்று தெரிந்துவிடும். திண்டுக்கல் கடைகளில் இதுபோன்ற 'வித்தைப் பூட்டு' இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்க. பழைய கடைக்காரர் என்றால் முகம் மலர்ந்துவிடும். மேசைக்கு அடியிலிருந்து ஏதாவது ஒன்றை எடுத்து, "இதைத் திறங்க பாப்போம்" என்று உங்க கையில் கொடுக்கலாம்.

காசு கொடுக்காமல் பார்ப்பது சரியா?

இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. எபிசோடு திட்டமிடும்போது எங்கள் குழுவில் இதற்குத்தான் அதிக வாக்குவாதம். ஓர் அருங்காட்சியகம் இலவசம் என்றால், அதன் செலவை அரசோ அறக்கட்டளையோ ஏற்கிறது. பட்டறை இலவசம் என்றால் யார் ஏற்கிறார்கள்? அங்கே உட்கார்ந்து ராவுகிறவர்தான். பலருக்குக் கூலி உருப்படிக் கணக்கு. நீங்க கால் மணி நேரம் பேச்சுக் கொடுத்தால், அது அவருடைய கால் மணி நேரக் கூலி.

நான் ஒரு பட்டறை வாசலில் நின்று, "அண்ணே, கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போகலாமா?" என்று கேட்டேன். அறுபது வயதைத் தாண்டியவர். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பாருங்கம்மா, கண்ணால பாக்குறதுக்கு என்ன. பேசுறதுன்னா டீ நேரத்துல வாங்க" என்றார். அதைவிடத் தெளிவாக யாரும் இந்த விதியைச் சொல்ல முடியாது.

டீ நேரத்தில் போனேன். "இந்த வேலையில எது கஷ்டம்ணே?" என்று கேட்டேன். ராவுவது என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். "ஸ்பிரிங்குமா" என்றார். "லீவர் தப்பாப் போனா இன்னைக்கே தெரிஞ்சிரும். ஸ்பிரிங் சரியில்லன்னா ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரியும். அப்போ நம்ம பேருதான் கெடும்." பசங்க யாராவது இந்த வேலைக்கு வந்திருக்காங்களா என்று அடுத்துக் கேட்டேன். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, "அவனுக மில்லுக்குப் போறானுக. மாசம் பொறந்தா சம்பளம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நியாயமான கணக்காகத்தான் சொன்னார்.

அலிகரிலிருந்து இயந்திரப் பூட்டு மலிவாக வருகிறது. சீனாவிலிருந்தும் வருகிறது. புது வீட்டுக் கதவுகளில் பூட்டு கைப்பிடியோடு சேர்ந்தே வந்துவிடுகிறது, நாதாங்கியே இல்லை. அதனால் நாம் பார்க்கப் போகிற இந்தத் தெருக் காலரி என்றென்றைக்கும் திறந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். 'இலவசம்தானே, அப்புறம் பாத்துக்கலாம்' என்று தள்ளிப் போடுகிற இடம் இது இல்லை.

ஆகவே நான் கடைப்பிடிக்கிற சில வழக்கங்கள்:

உள்ளே போகும்போதே, "வாங்க வரல, பாக்கத்தான் வந்தோம்" என்று சொல்லிவிடுங்க. நம்ம ஊர்க் கடைக்காரர்கள் பெரும்பாலும், "அதனால என்ன, பாருங்க" என்றுதான் சொல்வாங்க. மறைத்துவிட்டு அரை மணி நேரம் எடுத்துக் காட்டச் சொல்வதுதான் தப்பு.

வியாபார நேரத்தில், பண்டிகைக்கு முந்தைய வாரத்தில் போகாதீங்க. வாடிக்கையாளர் வந்தால் ஒதுங்கி நில்லுங்க.

போட்டோவுக்குக் கேட்டுவிட்டு எடுங்க. முகத்துக்குத் தனியாகக் கேளுங்க. சில பட்டறைகளில் உள்வேலையைப் படம் எடுக்க விட மாட்டார்கள். பூட்டுக்காரர் உள்வேலையைக் காட்ட மறுப்பது அவர் தொழிலுக்கு அவர் கொடுக்கிற மரியாதை.

விலை கேட்டால் பேரம் பேசாதீங்க. வாங்காதவருக்குப் பேரம் எதுக்கு?

பார்த்ததில் பிடித்ததை நாலு பேரிடம் கடைப் பெயரோடு சொல்லுங்க. நம்மால் முடிந்த நுழைவுக் கட்டணம் அது.

சின்னாளபட்டி: முடிச்சு, சாயம், புள்ளி

அடுத்த நிறுத்தம் சின்னாளபட்டி. திண்டுக்கல்லிலிருந்து மதுரை ரோட்டில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பஸ் செலவு? பெண்களாக இருந்தால் அதுவும் கிடையாது. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வெள்ளை போர்டு பார்த்து ஏறுங்க. ஆண்கள் டிக்கெட் எடுத்துக்கோங்க, மன்னிச்சிருங்க.

சின்னாளபட்டி நெசவு ஊர். செயற்கைப் பட்டுச் சேலைக்கும் பெயர் பெற்றது, சுங்குடிக்கும் பெயர் பெற்றது. சுங்குடி மதுரைப் பெயரில்தான் அறியப்படுகிறது. 'மதுரைச் சுங்குடி' என்று 2005-ல் புவிசார் குறியீடும் வாங்கியது. நாயக்கர் காலத்தில் மதுரையில் குடியேறிய சௌராஷ்டிர சமூகத்தின் கைத்தொழில் அது. வேலையும் வியாபாரமும் மதுரையோடு நிற்காமல் சின்னாளபட்டி வரை பரவியிருக்கிறது.

சுங்குடி எப்படி வருகிறது? வெள்ளைப் பருத்திச் சேலையை மடித்து, புள்ளி வர வேண்டிய இடங்களைக் குறித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு இடத்திலும் துணியைத் துளி கிள்ளி, நூலால் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போடுவார்கள். ஒரு சேலையில் முடிச்சு ஆயிரக்கணக்கில் வரும். பிறகு சாயத்தில் முக்குவார்கள். நூல் இறுக்கிய இடத்தில் சாயம் ஏறாது. காய்ந்ததும் இரு பக்கமும் பிடித்து இழுத்தால் படபடவென முடிச்சு அவிழும். சாயம் ஏறாத இடம் புள்ளியாக மிச்சம் இருக்கும்.

இதில் எனக்குப் பிடித்தது என்னன்னா, புள்ளியை யாரும் வரையவில்லை. புள்ளிக்கு இடம் மட்டும் காத்து வைத்தார்கள். மற்றதெல்லாம் சாயம் செய்தது.

முடிச்சுப் போடுவது பெரும்பாலும் வீட்டில் இருக்கும் பெண்களின் வேலை. சமையல் முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, திண்ணையிலோ முற்றத்திலோ உட்கார்ந்து போடுவார்கள். இங்கேயும் உருப்படிக் கூலி. ஒரு அக்காவிடம் கை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று வியந்தேன். "பேசிக்கிட்டே போடலாம். எண்ணிக்கிட்டுதான் போட முடியாது" என்று சிரித்தார். பூட்டுப் பட்டறையில் பேச்சு வேலையைக் கெடுக்கும். இங்கே பேச்சோடுதான் வேலை நடக்கும். அதனால் விதியையும் இடம் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

கடையில் சுங்குடி என்று காட்டுவது எல்லாம் முடிச்சு வேலை கிடையாது. மூன்று வகை பார்க்கலாம். ஒன்று, கையால் முடிச்சுப் போட்டது. இரண்டு, மெழுகை அச்சில் தொட்டு ஒற்றி, சாயம் ஏற்றி, மெழுகை நீக்கியது. மூன்று, வெறும் பிரிண்ட். எப்படிக் கண்டுபிடிப்பது? சேலையைத் திருப்பிப் பாருங்க. பிரிண்ட் என்றால் பின்பக்கம் மங்கலாக இருக்கும். முடிச்சு என்றால் முன்னும் பின்னும் ஒரே தெளிவு. முடிச்சுப் புள்ளி சரியான வட்டமாக இருக்காது, லேசாகக் கோணலாக, நடுவில் சாயத் துளியோடு இருக்கும். புதுச் சேலையைத் தடவினால் புள்ளி இருக்கும் இடத்தில் துணி சற்றே புடைத்துச் சுருங்கியிருக்கும். மெழுகு வேலையில் மெழுகு வெடித்த இடத்தில் மயிரிழை போலச் சாயக் கோடுகள் ஓடும்.

மூன்றில் எது மட்டம் என்று நான் சொல்ல வரல. தினசரி உடுத்த விலை குறைந்த சேலை வேணும்னா பிரிண்ட் போதும். பிரிண்ட்டை முடிச்சு விலைக்கு விற்றால்தான் பிரச்சினை. ஏனென்றால் அதில் திண்ணை அக்காவின் கூலியும் சேர்ந்து காணாமல் போகிறது. பார்க்கத் தெரிந்த ஆள் ஒருவர் கடைக்குள் இருந்தாலே அந்த விற்பனை கொஞ்சம் கஷ்டமாகிவிடும். சும்மா பார்த்துப் பழகுவதற்கு இப்படி ஒரு பயன் இருக்கு.

இன்னொன்று. சேலைக் கடையில் ஒன்றை எடுத்துக் காட்டச் சொன்னால் அவர்கள் உதறிப் போட்டுவிடுவார்கள். திரும்ப மடிப்புக் கலையாமல் மடித்து வைக்க ஆள் வேண்டும். வாங்காதவர்கள் ஏற்கனவே பிரித்துக் கிடப்பதைப் பாருங்க. அதிலேயே படிக்க நிறைய இருக்கும்.

காந்திகிராமம்: கதருக்கும் கைத்தறிக்கும் என்ன வித்தியாசம்?

சின்னாளபட்டியை ஒட்டியே காந்திகிராமம். ஜி. ராமச்சந்திரனும் டாக்டர் சௌந்தரமும் 1947-ல் தொடங்கியது. சௌந்தரம், டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். மருத்துவர். இங்கே 1956-ல் கிராமியக் கல்வி நிறுவனம் வந்தது. 1976-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. கிராமத் தொழில்களும் கூடவே வளர்ந்தன. கதர், சோப்பு, மூலிகை மருந்து என்று பொருட்கள் விற்பனைக்கு இருக்கும்.

கதர்க் கடையில் நின்று படிக்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கு. நிறைய பேர் கதரையும் கைத்தறியையும் ஒன்று என்று நினைக்கிறார்கள். கைத்தறியில் நெசவு கையால். நூல் மில்லிலிருந்து வரலாம். கதரில் நூல் நூற்பதும் கையால், நெய்வதும் கையால். அதனால்தான் கதர்த் துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் இழை சில இடத்தில் தடித்தும் சில இடத்தில் மெலிந்தும் ஓடும். விரலின் அழுத்தம் மாறிய இடங்கள் அவை. மில் துணியில் அது குறை. கதரில் அதுதான் அடையாளம்.

நூற்பதிலும் ஒரு தமிழ்நாட்டுக் கதை. பழைய ராட்டையில் ஒரு நேரத்தில் ஒரு நூல்தான் வரும். ஒரே நேரத்தில் பல நூல் நூற்கும் அம்பர் ராட்டை பின்னால் வந்தது. அதை உருவாக்கியவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன். அவர் பெயரிலிருந்துதான் 'அம்பர்'. ஒரு வடிவமைப்பாளரின் பெயர் நாடு முழுக்க ஒரு கருவியில் ஓடிக்கொண்டிருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒரே நாளில் எப்படிப் போகலாம்?

கேட்பீங்கன்னு தெரியும், சுருக்கமா சொல்றேன்.

விடியற்காலை பூ மார்க்கெட். நிலக்கோட்டைப் பக்க மல்லிகை குவிகிற நேரம். ஆரம் கட்டுகிறவர்கள் கையைப் பாருங்க. வாழைநார் எங்கே ஓடுகிறது, காம்பு எந்தப் பக்கம் மறைகிறது என்று கவனியுங்க. வெயில் ஏறுவதற்குள் கோட்டை அடிவாரம்.

பத்து மணிக்கு மேல் கடைவீதி. முதலில் பாத்திரக் கடை, பிறகு பூட்டுக் கடை. பதினொரு மணி டீ நேரத்தில் நாகல் நகர்ப் பக்கம் பட்டறைகள். முன்கூட்டித் தெரிந்தவர் மூலம் சொல்லிவிட்டுப் போனால் இன்னும் நல்லது.

மதியச் சாப்பாடு உங்க விருப்பம். அது மட்டும் இலவசம் கிடையாது. சாப்பிட்டதும் டவுன் பஸ் பிடித்து சின்னாளபட்டி. வெளிச்சம் இருக்கும்போதே சேலையைப் பாருங்க. டியூப்லைட்டில் சாயத்தின் நிறம் பொய் சொல்லும். சாயங்காலம் காந்திகிராமம்.

இன்னொரு நாள் கிடைத்தால் சிறுமலைக்குப் போங்க. பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு. மேலே வளைவில் நின்று கீழே பார்த்தால் இன்றைக்குச் சுற்றிய சமவெளி முழுக்கத் தெரியும். அதுவும் ஓர் ஆள் ஓர் இடத்தில் உட்கார்ந்து வரைந்த படம் கிடையாது.

உங்களுக்கு ஒரு சின்ன வேலை

இந்த எபிசோடு முடிந்ததும் வீட்டில் இருக்கிற பழைய பூட்டுச் சாவி ஒன்றை எடுங்க. பீரோ சாவியாகவும் இருக்கலாம். பல்லில் எத்தனை படி இருக்கிறது என்று எண்ணுங்க. லீவர் பூட்டு என்றால் பெரும்பாலும் ஒரு படி தாழை நகர்த்த, மற்றவை லீவரைத் தூக்க. பூட்டின் முதுகில் ஊர்ப் பெயர் அடித்திருக்கிறதா என்று பாருங்க. திண்டுக்கல் என்று இருந்தால், வீட்டுப் பெரியவர்களிடம் அது எப்போ வாங்கியது, எவ்வளவுக்கு வாங்கியது, இதுவரை எத்தனை முறை ரிப்பேர் ஆனது என்று கேட்டு வாய்ஸ் நோட் அனுப்புங்க.

வருகிற பதிலை வைத்து இன்னொரு எபிசோடு செய்யலாம் என்று இருக்கோம். அதோடு, ஸ்பிரிங் பற்றிச் சொன்ன அந்த அண்ணனிடம், இருபது வருஷம் முப்பது வருஷம் ஓடிய பூட்டுகளின் கணக்கைக் கொண்டுபோய்க் கொடுக்கணும்னு எனக்கு ஆசை. டீ நேரத்தில்தான் போவேன்.

அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.